பக்கத்து ஊர் சாஸ், பக்கத்துத் தெரு சோப்பு: கறுப்பினத்தவரின் சிறுதொழில்களுக்கு உங்கள் கடையில் இடம் கொடுப்பது எப்படி

நியூஜெர்சியில் சாமர்செட் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை நடத்துகிறேன். பொன்னி அரிசி, நல்லெண்ணெய், தோசை மாவு என்று வழக்கமான சரக்குதான். வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். மீதியில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்திலும் பிளெயின்ஃபீல்டிலும் குடியிருக்கும் கறுப்பினக் குடும்பங்கள். வெண்டைக்காய், வாழைக்காய், தட்டைப்பயறு வாங்க வருவார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் தட்டைப்பயறு நிற்காமல் போகும். வருடப் பிறப்பன்று அதைச் சமைத்துச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பது அவர்களில் பல வீடுகளின் வழக்கம். கடை திறந்த முதல் வருடம் இது தெரியாமல் பத்தே பாக்கெட் வைத்திருந்தேன்.

ஒரு நாள் கணக்குப் பார்க்கும்போதுதான் உறைத்தது. அவர்கள் பணம் தினமும் என் கல்லாவுக்கு வருகிறது. என் கல்லாவிலிருந்து ஒரு டாலர்கூட அவர்கள் நடத்தும் தொழில் எதற்கும் போகவில்லை. சரி, நாலு பேரிடம் சரக்கு வாங்கி வைப்போம் என்று இறங்கினேன். நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதல் ஒன்றரை வருடத்தில் சுகாதார ஆய்வாளரிடம் பேச்சு வாங்கினேன், நல்ல சாஸ் தயாரிக்கும் ஒருவரின் முதலை என் ரேக்கில் நாலு மாதம் முடக்கிப் போட்டேன், பிப்ரவரியில் பெரிய போஸ்டர் ஒட்டிவிட்டு அதன் கீழே வைக்கச் சரக்கில்லாமல் நின்றேன். இப்போது ஆறு பேரின் சரக்கு ஒழுங்காக ஓடுகிறது. புதிதாகக் கடை போட்டிருப்பவர்கள் அதே ஒன்றரை வருடத்தைத் தொலைக்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். படிவங்களும் கட்டணங்களும் நியூஜெர்சிக்கு உரியவை. வேறு மாநிலத்தில் பெயரும் தொகையும் மாறும், செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய இதேதான்.

1. சரக்கு வாங்கும் முன் கடையைச் சரிசெய்யுங்கள்

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. கறுப்பின இளைஞர் ஒருவர் உள்ளே வந்தால் வேலைக்கு இருக்கும் பையன் சாமான் அடுக்குகிற மாதிரி பின்னாலேயே போவான். அவர் காதில் விழும்படியே தமிழில் ஏதாவது சொல்லுவோம், புரியாது என்கிற தைரியத்தில். புரியத்தான் செய்கிறது. வார்த்தை புரியாவிட்டாலும் முகம் புரியும். இதை நிறுத்தாமல் ரேக்கில் அவர்கள் சரக்கை வைத்து ஒரு பயனும் இல்லை. சரக்கு கொடுக்க வருகிறவரும் முதலில் வாடிக்கையாளர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

அடுத்தது பூட்டு. கறுப்பினத்தவர் வாங்கும் தலைமுடிச் சாமான்களை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் பெரிய கடைகளிலேயே இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2020 ஜூனில்தான் வால்மார்ட் அதை நிறுத்துவதாக அறிவித்தது. உங்கள் கடையில் பூட்டு தேவை என்றால் விலையைப் பார்த்துப் பூட்டுங்கள். எங்கள் கடையில் இப்போது குங்குமப்பூ மட்டும்தான் பூட்டுக்குள் இருக்கிறது.

2. எவ்வளவு இடம், என்ன சரக்கு என்று முடிவுசெய்யுங்கள்

அரோரா ஜேம்ஸ் என்ற வடிவமைப்பாளர் 2020இல் ஓர் இயக்கம் தொடங்கினார். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 15 சதவீதம், ஆகவே கடை அலமாரியிலும் 15 சதவீத இடம் கொடுங்கள் என்பது அதன் கோரிக்கை. செஃபோரா போன்ற பெரிய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. அது பெரியவர்களுக்கான ஏற்பாடு என்றாலும் கணக்கு நமக்கும் உதவும். என் கடையில் 40 தட்டுகள், 15 சதவீதம் என்றால் 6 தட்டு. முதல் நாளே ஆறு தட்டையும் காலி செய்யாதீர்கள். ஒரு தட்டில் தொடங்குங்கள், நான் ஆறுக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

என்ன சரக்கு என்பதற்கு உங்கள் பில்லிங் மெஷினைக் கேளுங்கள். எது ஓடுகிறதோ அதன் பக்கத்தில் ஓடக்கூடியதைத் தேடுங்கள். ஊறுகாய் ஓடும் கடையில் காரச் சாஸ் ஓடும். தேங்காய் எண்ணெய் ஓடும் கடையில், தோலுக்கும் முடிக்கும் தடவும் ஷியா வெண்ணெய் ஓடும். மெழுகுவர்த்தி அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன், ஒரு வருடம் கிடந்தது. மளிகைக்கு வருகிறவர் 24 டாலர் மெழுகுவர்த்திக்கு வருவதில்லை.

3. ஆட்களைக் கண்டுபிடிப்பது

இணையத்தில் தொடங்காதீர்கள். காலாற நடந்து பாருங்கள். முடிதிருத்தும் கடையின் அறிவிப்புப் பலகை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த பிறகு நடக்கும் விற்பனை, கோடைக்காலச் சந்தை, இந்த மூன்று இடத்திலும் சரக்கை ருசித்தும் தடவியும் பார்க்கலாம். சாஸ்காரரை நான் பார்த்தது ஒரு சனிக்கிழமைச் சந்தையில். மடக்கு மேஜை, வெள்ளைத் துணி, மூன்று வகைப் பாட்டில். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சாஸ்கார அண்ணன். ருசி பார்த்த கையோடு மூன்று பாட்டில் காசு கொடுத்து வாங்கினேன். சாம்பிள் சும்மா கேட்காதீர்கள். பாட்டிலுக்கு அவருக்கும் செலவு இருக்கிறது.

அப்புறம் பட்டியல்கள். டிரென்டனில் இருக்கும் நியூஜெர்சி ஆப்பிரிக்க அமெரிக்க வர்த்தக சபையின் உறுப்பினர்களைப் பாருங்கள். நாடு முழுக்கத் தேட யூ.எஸ். பிளாக் சேம்பர்ஸ் நடத்தும் பைபிளாக் தளம் இருக்கிறது. மாநில அரசின் சாவி (SAVI) என்கிற தேடல் பட்டியலில் மைனாரிட்டி நிறுவனங்கள் எல்லாம் வரும். அந்த மைனாரிட்டியில் நம்மவர்களும் அடக்கம் என்பதால் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃபேர் போன்ற மொத்த விற்பனைத் தளத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குகிற நமக்கு அங்கே தவணை கிடைக்கும். ஆனால் தயாரிப்பவரிடமிருந்து தளம் கமிஷன் பிடிக்கும். தயாரிப்பவர் தன்னுடைய நேரடி இணைப்பை உங்களுக்கு அனுப்பி, அதன் வழியாக நீங்கள் போனால் கமிஷன் கிடையாது. ஆகவே அங்கே ஒருவரைப் பார்த்துப் பிடித்திருந்தால் நேரே எழுதி அந்த இணைப்பைக் கேளுங்கள்.

எதைக் கறுப்பினத்தவரின் தொழில் என்பது? சான்றிதழ் தரும் அமைப்புகள் குறைந்தது 51 சதவீத உரிமையும், நடத்தும் அதிகாரமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சந்தையில் மேஜை போடுகிறவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள். அது பெரிய கம்பெனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் விற்கிறவர்களுக்கு வேண்டியது. அதற்கான காகிதவேலை சின்ன ஆளுக்குப் பெரிய பாரம். நேரே கேளுங்கள், சொல்லுவார். பாட்டிலில் ஆப்பிரிக்கத் துணி டிசைன் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். அப்படி ஒரு டப்பா வாங்கி, பின்னால் திருப்பிப் பார்த்தால் யாரோ ஒரு பெருநிறுவனத்தின் முகவரி.

4. காகிதங்கள்

முதல் சந்திப்பிலேயே காகிதம் கேட்டு மிரட்ட வேண்டாம். இரண்டாவது சந்திப்பில், ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அந்த மனிதர் நாலு தடவை வந்து போனார்.

அவர் உங்களுக்குத் தர வேண்டியவை: மாநில வணிகப் பதிவுச் சான்றிதழ், அவருடைய வரி எண் எழுதிய டபிள்யூ-9 படிவம், காப்பீட்டுச் சான்று, விலைப்பட்டியல். வணிகப் பதிவு ஆன்லைனில் செய்யலாம், கட்டணம் இல்லை. எல்எல்சி, அதாவது பொறுப்பு வரையறுத்த கம்பெனி, தொடங்கினால் 125 டாலர், அதன் பிறகு வருடா வருடம் 75 டாலர் அறிக்கைக் கட்டணம். எல்எல்சி இல்லாமல் தனிநபராகவும் விற்கலாம், அதற்காக யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் வரி எண் முற்றிலும் இலவசம். அதை வாங்கித் தருகிறோம் என்று காசு பிடுங்கும் தளங்கள் உண்டு. சோப்பு விற்கும் பெண்மணி அப்படி ஒன்றில் மாட்டியிருந்தார்.

நீங்கள் அவருக்குத் தர வேண்டியது எஸ்டி-3, அதாவது மறுவிற்பனைச் சான்று. இதைக் கொடுத்தால் அவர் உங்களிடம் 6.625 சதவீத விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரிடம் நீங்கள் வசூலிப்பீர்கள். சாஸுக்கு அந்த வரி கிடையாது, சோப்புக்கும் கிரீமுக்கும் மெழுகுவர்த்திக்கும் உண்டு, துணிமணிக்குக் கிடையாது. புதுப் பொருளை மெஷினில் ஏற்றும்போதே இதைச் சரியாகக் குறியுங்கள். மாதக் கடைசியில் திருத்த உட்கார்ந்தால் தலைவலி.

காப்பீடுதான் பலர் தடுக்கி விழும் இடம். உங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் முதலில் கேளுங்கள்: என் கடையில் வெளியார் சரக்கு வைத்தால் அவரிடம் எவ்வளவு பாலிசி இருக்க வேண்டும்? வழக்கமாகச் சொல்வது ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், அதில் காப்பீடு பெறுபவராக உங்கள் கடையின் பெயரையும் கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும். சின்னத் தயாரிப்பாளருக்கு இது வருடத்துக்குச் சில நூறு டாலர். முதல் ஆர்டரே 200 டாலர் என்றால் அவருக்கு இது கட்டுபடியாகுமா? ஆகாது. சந்தையில் மேஜை போடுகிறவர்கள் பலர் சந்தைக்காரர்கள் கேட்டதால் ஏற்கனவே பாலிசி எடுத்திருப்பார்கள். உங்கள் பெயரைச் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு ஃபோன்காலில் முடியும். பாலிசியே இல்லாதவருக்கு முதல் ஆர்டரைப் பெரிதாகக் கொடுத்து, பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன். பாலிசி வந்த பிறகுதான் சரக்கை ரேக்கில் ஏற்றினேன்.

5. சாப்பாட்டுச் சாமான் என்றால்

இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பிரமாதமாக பவுண்ட் கேக் செய்வார். கையில் லைசென்ஸும் இருந்தது. துண்டு போட்டு உறையில் சுற்றி கல்லாப் பக்கத்தில் வைத்தேன், காலையில் வைத்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மூன்றாவது வாரம் சுகாதார ஆய்வாளர் வந்தார். கூடையை எடுத்துப் பார்த்தார், லேபிளைப் படித்தார், இதை உடனே எடுத்துவிடுங்கள் என்றார்.

அந்த அம்மாவிடம் இருந்தது வீட்டுச் சமையலறை அனுமதி. நியூஜெர்சியில் 2021 அக்டோபர் முதல் அது கிடைக்கிறது. 100 டாலர், இரண்டு வருடம் செல்லும், வருட விற்பனை 50,000 டாலருக்குள் இருக்க வேண்டும். ஆனால் செய்தவர் சாப்பிடுகிறவருக்கு நேரே விற்க மட்டும்தான் அந்த அனுமதி. கடையில் வைத்து விற்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் இதே அனுமதியில் இரண்டு ரகம் உண்டு, பி ரகம் வைத்திருந்தால் கடை மூலம் விற்கலாம். ஆகவே அடுத்த மாநிலத்தில் இருக்கும் மச்சான் விற்கிறாரே என்று நீங்கள் விற்காதீர்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பது போதாது. கடைக்கு மொத்தமாக விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அவர்களுக்கு இருக்கும் வழி, அனுமதி பெற்ற பொதுச் சமையலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து அங்கே செய்வது, அல்லது பாட்டில் நிரப்பித் தரும் தொழிற்கூடத்திடம் கொடுப்பது. பிரிட்ஜ்டனில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுப் புத்தாக்க மையம் இருக்கிறது, இந்த மாதிரி ஆரம்பநிலைத் தயாரிப்பாளர்களுக்கு உதவுவதுதான் அவர்கள் வேலை. எந்தப் படிவம் எங்கே என்று குழம்பினால் மாநிலச் சிறுதொழில் மேம்பாட்டு மையத்தில் ஆலோசனை இலவசம். மேஜை போட்டு விற்றவர் மொத்த லைசென்ஸ் வாங்கி வர சில மாதங்கள் ஆகும். காத்திருங்கள். அந்த அம்மா கடைசியில் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. அவருடைய ஃபோன் நம்பர் அட்டைகளைக் கல்லாவில் வைத்திருக்கிறேன், பிறந்தநாள் கேக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு காசு வராது, ஆய்வாளரும் ஒன்றும் சொல்ல முடியாது.

லேபிளில் பார்க்க வேண்டியவை: பொருளின் பெயர், நிகர எடை அவுன்ஸிலும் கிராமிலும், சேர்மானங்கள் எடை அதிகமானது முதலில் வருகிற வரிசையில், தயாரிப்பவர் பெயர் முகவரி, ஒவ்வாமைப் பொருட்கள். ஒவ்வாமைப் பட்டியலில் இப்போது ஒன்பது. எள் 2023 ஜனவரியிலிருந்து சேர்ந்துகொண்டது, பழைய லேபிள்களில் அது விட்டுப்போயிருக்கும். கலோரிக் கட்டம் இல்லையே என்று பதறாதீர்கள். பத்துக்கும் குறைவான ஆட்களோடு, வருடத்துக்கு 10,000 பாட்டிலுக்குள் விற்கிறவருக்கு அதிலிருந்து மத்திய உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. விலக்கு தருகிறது. லேபிளில் "சர்க்கரை குறைவு", "கொழுப்பே இல்லை" என்று எழுதிவிட்டால் அந்த விலக்கு போய்விடும்.

காரச் சாஸ், ஊறுகாய் மாதிரி புளிப்பூட்டிய சரக்குக்குக் கூடுதல் விதிகள் உண்டு. அமில அளவு பி.ஹெச் 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், செய்முறையை ஒரு நிபுணர் பார்த்துக் கடிதம் தந்திருக்க வேண்டும். சாஸ்கார அண்ணன் அந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்து காட்டினார். அதைப் பார்த்தபோதே இவரோடு வியாபாரம் செய்யலாம் என்று மனசு சொல்லிவிட்டது.

6. சோப்பு, கிரீம், எண்ணெய்

இதில் ஒரே பெரிய பொறி, லேபிளில் உள்ள வாக்குறுதி. வெறும் சோப்பு என்று விற்றால் விதிகள் குறைவு. தோலை மிருதுவாக்கும் என்று எழுதினால் அது அழகுசாதனம். எக்சிமா குணமாகும் என்று எழுதினால் சட்டப்படி மருந்து. வீட்டில் செய்கிற சோப்பை மருந்தாக விற்க யாராலும் முடியாது. சோப்புக்காரப் பெண்மணியின் முதல் லேபிளில் எக்சிமா, சொரியாசிஸ் இரண்டும் இருந்தன. சொன்னவுடன் மாற்றிவிட்டார், ஆனால் ஏற்கனவே அச்சடித்த 500 லேபிள் வீண். அச்சடிக்கும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அழகுசாதனம் என்றால், ஒத்துக்கொள்ளாவிட்டால் புகார் சொல்ல ஒரு முகவரியோ ஃபோன் எண்ணோ இணையதளமோ லேபிளில் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 29 முதல் இது கட்டாயம்.

7. விலையும் பணமும்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதலில் நான் சாஸ் வைத்தது, விற்றால் காசு இல்லாவிட்டால் வாபஸ் என்கிற முறையில். இங்கே அதற்குப் பெயர் கன்சைன்மென்ட். எனக்கு நஷ்டமே வராதே, அவருக்கும் இடம் கிடைக்கிறதே என்று பெருமையாக இருந்தது. விற்றதில் அவருக்கு 70 சதவீதம், எனக்கு 30 என்று பேச்சு. 48 பாட்டில் கொண்டுவந்து அடுக்கினார். பாட்டிலும் மூடியும் லேபிளும் சேர்த்து ஒன்றுக்கு அவருக்கு 3.80 டாலர் செலவு, ஆக அவருடைய 182 டாலர் என் ரேக்கில். நான் அதைக் கீழ்த்தட்டில், பினாயில் பக்கத்தில் வைத்திருந்தேன். என் காசு போடவில்லையே, எனக்கென்ன அவசரம். நாலு மாதத்தில் 11 பாட்டில் விற்றது, இரண்டு உடைந்தது. உடைந்ததற்கு யார் பொறுப்பு என்று பேசவே இல்லை. அவர் கோபப்படவில்லை. ரேக்கைப் பார்த்துவிட்டு, "நீங்கள் என் சாஸை விற்கவில்லை, என் காசில் உங்கள் அலமாரியை நிரப்பியிருக்கிறீர்கள்" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். பாட்டில் 5.40க்கு வாங்கி 9 டாலருக்கு விற்கிறேன், எனக்கு 40 சதவீதம். பரிசுப்பொருள் கடைகளில் வழக்கம் பாதிக்குப் பாதி, அப்படிப் பார்த்தால் அவருக்கு 4.50. செலவு போக 70 காசு மிஞ்சும், அதில் பெட்ரோல் போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். 5.40 என்றால் 1.60 மிஞ்சும். மளிகைக்கு 40 சதவீதமே நல்ல லாபம்தான், அரிசி மூட்டையில் எனக்கு அதில் கால்வாசிகூட நிற்பதில்லை. காசு போட்ட மறுநாளே அந்தச் சாஸ் கண்மட்டத்துக்கு, ஊறுகாய்க்கு அடுத்த தட்டுக்கு ஏறிவிட்டது. ஆறு வாரத்தில் 35 பாட்டிலும் தீர்ந்தது.

இப்போது என் விதிகள் இவை. பாலிசிக்காகப் பெரிதாக்க வேண்டியிருந்தால் ஒழிய முதல் ஆர்டர் சின்னதாக, 150லிருந்து 300 டாலருக்குள், முழுதும் காசு கொடுத்து. பணம் சரக்கு இறக்கும்போதே. 30 நாள் தவணை என்பது பெரிய மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டியது. வங்கிக்கடன் கிடைக்காமல் கிரெடிட் கார்டில் பாட்டில் வாங்குகிறவரிடம் தவணை கேட்டால், வட்டியை அவர் கட்டி நமக்குக் கடன் தருகிறார் என்று அர்த்தம். மறு ஆர்டரைப் பாதி சரக்கு விற்றவுடனே சொல்லிவிடுவேன், அவருக்குச் செய்து தர இரண்டு மூன்று வாரம் ஆகும். கன்சைன்மென்ட் வேண்டும் என்று அவரே கேட்டால், நகை, ஓவியம் மாதிரி விலை கூடியதற்கு மட்டும், ஒரு பக்க ஒப்பந்தத்தோடு: எத்தனை நாள், என்றைக்குப் பணம், உடைந்தாலும் திருடு போனாலும் கடை பொறுப்பு.

அவர் விலையைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் விசாரியுங்கள். சந்தையில் 9 டாலருக்கு விற்பதையே எனக்கு 8 டாலருக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் 3 டாலருக்கே தருகிறேன் என்றார். இரண்டு பேருக்கும் மொத்த விலை போடத் தெரியவில்லை. உட்கார்ந்து காகிதத்தில் செலவைக் கூட்டிப் பாருங்கள், அரைமணி நேர வேலை. சந்தையில் அவர் விற்கும் விலையும் உங்கள் விலையும் ஒன்றாக இருக்கட்டும், அவர் அங்கே குறைத்து விற்றால் உங்கள் ரேக்கில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

8. பார்கோடும் இடமும்

பார்கோடு இல்லை என்பது ஒரு காரணமே அல்ல. உங்கள் மெஷினில் உள்கோடு அச்சிட்டு ஒட்டுங்கள், செலவு ஸ்டிக்கர் காகிதம் மட்டும். அவர் மற்ற கடைகளுக்கும் போக நினைத்தால் பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பிடம் ஒரு பொருளுக்கு ஒரு கோடு 30 டாலருக்கு வாங்கலாம், வருடக் கட்டணம் இல்லை. பத்துக் கோடு 250 டாலர், அதற்கு வருடம் 50 டாலர் புதுப்பிப்பு. நாலு பொருள் உள்ளவருக்குத் தனித்தனியாக வாங்குவதே லாபம். இணையத்தில் ஐந்து டாலருக்குக் கோடு விற்பவர்களை நம்பக் கூடாது, அது வேறு யாருடைய கம்பெனி எண்ணாகவாவது இருக்கும்.

இடம் பற்றி ஒன்று. தனியாக ஒரு மூலையில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள். சாஸ் ஊறுகாயோடு, சோப்பு சோப்போடு. மூலையில் வைத்தால் யார் தேடி வருகிறார்களோ அவர்கள் மட்டும் வாங்குவார்கள். ஊறுகாய் பக்கத்தில் வைத்த பிறகு அந்தச் சாஸை அதிகம் வாங்குவது ஆந்திராக்காரர்கள்.

9. ஸ்டிக்கரும் சட்டமும்

"கறுப்பினத்தவரின் தயாரிப்பு" என்று விலைச்சீட்டில் எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். ஆறு பேரில் நாலு பேர் சந்தோஷமாகச் சரி என்றார்கள். ஒருவர் தன் ஊர்ப் பெயர் மட்டும் போதும் என்றார். இன்னொருவர் யோசித்து, வேண்டாம், ருசிக்காக வாங்கட்டும் என்றார். அவர்கள் இஷ்டம்.

சட்ட விஷயம் கொஞ்சம் நுணுக்கம். ஒப்பந்தத்தில் இனம் பார்க்கக் கூடாது என்று 1866ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற நிறுவனம் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. அந்தச் சட்டத்தை வைத்தே வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மானியத்துக்குத் தடை விதித்தது, செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டமே முடிந்தது. நியூஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் இதே ரகம். ஆகவே "இந்த ரேக் கறுப்பினத்தவருக்கு மட்டும், மற்றவர் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டாதீர்கள், மற்றவருக்கு ஒரு கமிஷன் இவருக்கு ஒரு கமிஷன் என்றும் வைக்காதீர்கள். தேடிப் போகும் இடத்தை விரிவாக்குங்கள், விதியை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். உடனே பணம் கொடுப்பதை நான் இப்போது முறுக்கு சுட்டுத் தரும் நம்ம ஊர் அக்காவுக்கும் செய்கிறேன். போட்டி, மானியம் மாதிரி ஏதாவது நடத்த நினைத்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

10. எப்போது தொடங்குவது

பிப்ரவரியில் தொடங்காதீர்கள். கறுப்பின வரலாற்று மாதம் என்று எல்லாக் கடைகளும் அப்போதுதான் விழிக்கும். தயாரிப்பவர்களுக்கு அந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. நான் ஜனவரி 25ஆம் தேதி ஃபோன் செய்து சரக்கு கேட்டேன், சிரித்துவிட்டார்கள். பிப்ரவரிக்குச் சரக்கு வேண்டும் என்றால் நவம்பரில் பேசுங்கள். அடிமைமுறை முடிந்ததை நினைவுகூரும் ஜூன் 19 ஜூன்டீன்த் விடுமுறைக்கு மார்ச்சில். ஆகஸ்டு கறுப்பினத் தொழில் மாதம், நம் கடைகளில் அப்போது கூட்டம் சுமார்தான், புதுப் பொருளை ருசி பார்க்க வைக்க நல்ல நேரம். அதற்கு முன் உங்கள் ஊர் சுகாதார அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை சிறுகடைகளின் நாள், அதற்கு செப்டம்பரிலேயே ஆர்டர் கொடுங்கள்.

மார்ச் மாதம் முக்கியம். மார்ச்சில் ஒரு மறு ஆர்டர் கொடுத்துப் பாருங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் வாங்கிய கடைக்காரர்களில் பாதிப் பேர் மார்ச்சில் ஃபோன் எடுப்பதில்லையாம்.

11. ரேக்குக்கு வெளியே

சரக்கு வாங்குவது ஒரு பகுதிதான். கடைக்குப் பெயர்ப்பலகை, மின்வேலை, கணக்கு, பனி அள்ளுவது என்று வருடத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறோம்? என் பெயர்ப்பலகை இப்போது பிளெயின்ஃபீல்டில் ஒருவர் செய்தது. தமிழ் எழுத்தை அச்சுப் பிசகாமல் வெட்டித் தந்தார், ழகரத்துக்கு மட்டும் மூன்று தடவை படம் அனுப்பிச் சரிபார்த்தார். இப்படிக் கூலி வேலைக்குப் பணம் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வரித்துறைக்குச் சொல்லும் 1099-என்இசி படிவம் வேண்டும், ஜனவரி 31க்குள். 2025 வரை வருடம் 600 டாலர் தொட்டால், 2026இல் கொடுக்கும் பணத்திலிருந்து 2,000 டாலர் தொட்டால். சரக்குக்குக் கொடுத்த பணத்துக்கு இந்தப் படிவம் கிடையாது.

சேமிப்பில் ஒரு பகுதியைக் கறுப்பினத்தவர் நடத்தும் வங்கியில் போடுவதும் ஒரு வழி. நியூயார்க் ஹார்லெமில் கார்வர் வங்கி இருக்கிறது. நெவார்க்கில் இருந்த சிட்டி நேஷனல் வங்கி 2019இல் மூடப்பட்டபோது அதன் டெபாசிட்டுகளை வாஷிங்டனின் இண்டஸ்ட்ரியல் வங்கி எடுத்துக்கொண்டது. மற்ற வங்கிகளைப் போலவே 2,50,000 டாலர் வரை மத்திய அரசின் காப்பீடு உண்டு.

கடைசியாக ஒன்று. நல்ல சரக்கு உங்கள் கடையில் நிலைத்திருக்காது. பெரிய சங்கிலிக் கடை ஒன்று அவரைக் கூப்பிடும், விலை மாறும், குறைந்தபட்ச ஆர்டர் கூடும். தடுக்காதீர்கள். அவர்கள் கேட்கும் பட்டியலில் முதல் கேள்வியே இதுவரை எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்பதுதான். உங்கள் மெஷினிலிருந்து மாதவாரி விற்பனைக் கணக்கை அச்செடுத்துக் கொடுங்கள், பத்து நிமிட வேலை. அப்படியே உங்கள் அடுத்த ஆர்டரில் இரண்டு கேஸ் கூட்டி எடுத்து வையுங்கள். அங்கே முதல் லோடு போகிற மாதம் உங்களுக்குச் சரக்கு வராது.